பால் வத்திப்போகும் என்று சொன்னவர்

பசுவின் மூத்திரத்தை உள்ளங்கையில் ஏந்தி நடுவீடு வரைக்கும் தெளிக்கலாம். அதே பசுவுக்கு ஊசி போட வந்த பெண் மாட்டுக்கொட்டகை வாசலைத் தாண்டக் கூடாது. இதற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்? ‘ஊர் வழக்கம்’ என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். ராஜமாணிக்கத்தின் கதையை நான் சொல்லி முடிக்கும்வரை யோசியுங்கள்.

சிதம்பரத்திலிருந்து கிள்ளைக்குப் போகும் சாலையில், ஒரு வாய்க்கால் பாலத்தைத் தாண்டி உள்ளே திரும்பினால் அவருடைய ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

ராஜமாணிக்கத்துக்கு வயது ஐம்பத்து மூன்று. பத்தாவது முடித்துக் கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் நான்கு வருடம் வேலை பார்த்தார். அங்கே கேன்டீனில் தினமும் ஒரே பெஞ்சில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டவர், அதே ஊரின் காலனியைச் சேர்ந்த கொளஞ்சி. ஒருவர் குழம்பில் இன்னொருவர் கை வைப்பார். சாயங்காலம் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து நடப்பார்கள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லிக்கொள்வதில்லை.

அப்பா படுக்கையில் விழுந்ததும் ராஜமாணிக்கம் வேலையை விட்டுவிட்டு மாடுகளிடம் திரும்பினார். இரண்டு மாடு ஒன்பதானது. விடியற்காலை நாலு மணிக்குச் சாணி அள்ளுவதில் தொடங்கும் நாள். இருபத்தைந்து வருடத்தில் அவரும் மனைவி புஷ்பவள்ளியும் சேர்ந்தாற்போல் ஒரு கல்யாணத்துக்குப் போனதில்லை. யாராவது ஒருவர் பால் கறக்க இருந்தாக வேண்டும். தெருவில் எந்த மாட்டுக்குக் கன்று குறுக்கே சிக்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முழங்கைவரை எண்ணெய் தடவிக் கையை உள்ளே விட்டுக் கன்றைத் திருப்பி இழுப்பார். ரத்தமும் சளியுமாக வெளியே வரும் கன்றின் மூக்கில் வாய் வைத்து ஊதியிருக்கிறார். அவருக்கு அருவருப்பு என்பதே கிடையாது என்றுதான் ஊர் நினைத்தது.

போன ஐப்பசியில் கோமாரி நோய்க்கான தடுப்பூசி போட வெண்மதி வந்தார். கொளஞ்சியின் மகள். படித்துவிட்டு, வீடு வீடாகப் போய் மாடுகளுக்கு ஊசி போடும் வேலையில் அந்த வருடம்தான் சேர்ந்திருந்தார். தோளில் ஐஸ் பெட்டி, கையில் நோட்டு.

“சார், கோமாரி ஊசி. ஒம்போது மாடுன்னு எழுதியிருக்கு.”

“நீ கொளஞ்சி பொண்ணுதான? மருந்த ஊசியில ஏத்திக் குடும்மா. நானே போட்டுக்கறேன்.”

“அப்படில்லாம் குடுக்கக் கூடாது சார். நாந்தான் போடணும்.”

உள்ளிருந்து புஷ்பவள்ளி தாழ்ந்த குரலில் சொன்னார்: “வெள்ளிக்கெழம வெளக்கு வைக்கிற கொட்டாய்ங்க அது.”

ராஜமாணிக்கத்துக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து ‘நீ வரக் கூடாது’ என்று சொல்லத் துணிச்சல் இல்லை. நம் காலத்துச் சாதிக்கு நாசூக்கு ஜாஸ்தி. அது காரணம் தேடும்.

“ஊசியே வேணாம்மா. போன தபா போட்டதுல பால் வத்திப்போச்சு.”

வெண்மதி அவர் காலடியில் இருந்த கேனைப் பார்த்தார். “கேன் ரொம்பி வழியுதே சார்.”

“இது வேற மாடு.”

அது பொய். முந்தைய முறை ஊசி போட்டவர் வெளியூர்க்காரர். என்ன சாதி என்று விசாரித்து, திருப்தியான பிறகு கொட்டகைக்குள் விட்டார்கள். ஊசி போட்ட பிறகு இரண்டு நாள் பால் கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் நாள் சரியாகிவிட்டது.

பொய்யை அவர் மறந்திருப்பார். ஊர் மறக்கவில்லை. கன்றை உயிரோடு இழுக்கத் தெரிந்த மனிதர் சொல்கிறார், பால் வத்திப்போகுமாம். அடுத்த நாளே பால் சொசைட்டி வரிசையில் அது மருத்துவ உண்மையாகிவிட்டது. அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் ஊசி போடவில்லை.

கார்த்திகை மழையோடு கோமாரி வந்தது. ராஜமாணிக்கத்தின் செவலைப் பசு வாயில் நூல் நூலாக எச்சில் ஒழுக நின்றது. நாக்கெல்லாம் புண், குளம்பு பிளந்து புழு வைத்தது. டாக்டர் வந்து மருந்து கொடுத்தார். பத்தாம் நாள் பசு செத்துப்போனது. அதற்கு மூன்று நாள் முன்னால், எதிர்வீட்டு மாரியம்மாளின் கன்று, நோய் கண்ட தாயிடம் பால் குடித்துவிட்டு நின்ற இடத்திலேயே விழுந்து செத்திருந்தது. மாரியம்மாளுக்கு இருப்பதே ஒரு மாடு, அந்த ஒரு கன்று.

செத்த மாட்டைத் தூக்க ஆள் வேண்டும். ராஜமாணிக்கம் யோசிக்காமல் கொளஞ்சிக்குப் போன் செய்தார். அந்த ‘யோசிக்காமல்’ என்பதைத்தான் என்னிடம் சொல்லும்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“சொல்லு ராஜமாணிக்கம்,” என்றார் கொளஞ்சி, கேன்டீனில் கூப்பிட்ட மாதிரியே.

“செவலை செத்துப்போச்சு கொளஞ்சி. ஒரு நாலு பேர அனுப்பேன்.”

“எம்பொண்ணத் தொட வுடலியே, அந்த மாடா?”

கொளஞ்சியே தொடர்ந்தார்.

“அந்த வேலய நாங்க வுட்டுப் பதினஞ்சு வருஷம் ஆவுது. உன் மச்சானுங்களக் கூப்பிடு.”

கூப்பிட்டார். பெரிய மச்சானுக்கு இடுப்பு வலி. சின்னவர், “மாலை போட்டிருக்கேன் மாமா, செத்ததத் தொடக் கூடாது,” என்றார். கொட்டகைச் சந்துக்குள் டிராக்டர் நுழையாது. அவரும் புஷ்பவள்ளியும் காலில் கயிறு கட்டித் தெருவரைக்கும் இழுத்தார்கள். ஒரு முழம் இழுப்பதும் நின்று மூச்சு வாங்குவதுமாக, முழுசாக ஒரு மணி நேரம். தெருவே வாசலில் நின்று பார்த்தது. ஒருவரும் கை கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் மாரியம்மாள் ஆறுதல் சொல்ல வந்தார்.

“வுடு தம்பி. உம் மாடே போச்சு, என் கன்னு எம்மாத்திரம். நல்லவேள ஊசி போடல. போட்டிருந்தா இருக்கிற மாட்டுக்கும் பால் வத்திப்போயிருக்கும்.”

ராஜமாணிக்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னால் கன்றை இழந்தவள், தன் பொய்யையே எடுத்துத் தனக்கு ஆறுதல் சொல்கிறாள். தெருவில் இன்னும் நோய் தொடாத மாடுகள் பன்னிரண்டு வீட்டில் இருந்தன. வெண்மதி இரண்டாம் முறையாக ஒவ்வொரு வாசலிலும் கேட்டு, அந்த ஒரே பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார். அவரைத் தடுத்துக்கொண்டிருந்தது ராஜமாணிக்கத்தின் வாய்.

மறுநாள் காலை சொசைட்டியில் வெண்மதி ஐஸ் பெட்டியோடு நின்றிருந்தார். “ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம், போம்மா,” என்று பால் அளந்துகொண்டிருந்த செயலாளர் சாமிக்கண்ணு விரட்டினார்.

ராஜமாணிக்கம் கேனைக் கீழே வைத்தார். “பால் வத்தல,” என்றார். யாருக்கும் புரியவில்லை. “போன தபா ஊசி போட்டு பாலெல்லாம் வத்தல. நாந்தான் பொய் சொன்னேன்.”

“எதுக்குய்யா பொய் சொல்லணும்?” என்று வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

“இந்தப் பொண்ணு கொட்டாய்க்குள்ள வரக் கூடாதுன்னு.”

சாமிக்கண்ணு பதறினார். “யோவ், காலங்காத்தால எதுக்கு இதெல்லாம்? வேற எதுனா சொல்லிக்கலாம்ல?”

ஆமாம், வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். அப்படித்தானே இத்தனை காலமும் குடித்தனம் நடக்கிறது!

மாரியம்மாள் வரிசையை விட்டு வந்து அவர் எதிரே நின்றார். “இதுக்காடா எங்கன்னு செத்துச்சு?”

“தம்பி” போய் “டா” வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த அம்மா இன்றுவரை அவரோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன்.

ராஜமாணிக்கம் வெண்மதியின் பக்கம் திரும்பிக் கும்பிடப் போனார். வெண்மதி நோட்டைத் திறந்தார். “அதெல்லாம் அப்பறம் சார். ஐஸ் உருகுது. மொதல்ல யார் வூடு?”

பன்னிரண்டு வீட்டில் ஏழு வீடு அன்றைக்குத் திறந்தது. அதில் ஒரு வீட்டில், கொல்லைப்பக்கமாகச் சுற்றி வரச் சொன்னார்கள். வெண்மதி சுற்றித்தான் போனார். மாடு பிழைக்க வேண்டுமே. மீதி ஐந்து வீடு திறக்கவில்லை. பால் வத்தும் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. “ஊட்டுக்காரரு ஊர்ல இல்ல” என்கிறார்கள்.

ராஜமாணிக்கம் திருந்திய மனிதர் என்று மாலை போட நான் இதை எழுதவில்லை. அவருக்கு வெட்கமாக இருக்கிறது, வெட்கப்படட்டும். அவருக்காக நானும் வெட்கப்படுகிறேன், ஏனென்றால் அந்த ஐந்து வீட்டில் ஒன்று என் சொந்தக்காரர் வீடு. போன வாரம் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு, இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வந்தேன். நாளைக்கு மறுபடியும் போகிறேன், இந்த முறை பேசுவதற்கு.

உங்களுக்கும் அப்படி ஒரு வீடு இருக்கும். அது உங்கள் சொந்த வீடாகவே இருக்கலாம். அடுத்த முறை ஊசி போட வெண்மதி மாதிரி ஒருவர் வருகிற நாளில் வெளியே போய்விடாமல் அந்த வீட்டில் இருங்கள். முன்வாசல் வழியாக அவரை உள்ளே கூப்பிடுங்கள். மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவர் ஊசி போட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.