கொலுவில் இங்கிலாந்து

அந்த வருஷ நவராத்திரிக்குத் திருவனந்தபுரத்து எங்கள் வீட்டில், கொலுப்படிகளின் கீழே வழக்கமாகக் குளமும் பூங்காவும் வைக்கிற இடத்தில், அத்தை இங்கிலாந்தை வைத்தாள். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிப் போய் மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. கல்லூரியில் பொருளாதாரம் படித்தாள். இன்னும் ஒரு வருஷம் பாக்கி. வெந்நீர் அடுப்புக் கரி நிலக்கரிச் சுரங்கமாயிற்று. சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த அப்பா, யாரும் கேட்காமலே ஒரு பொட்டலம் ஆணியும் திருகாணியும் கொண்டுவந்து கொடுத்தார். அது உருக்காலை. விளக்குத்திரிப் பஞ்சு, துணி ஆலை. நூற்கண்டுகளில் ஊதுவத்தி செருகியதும் புகைபோக்கிகள் நிஜமாகவே புகைந்தன. அம்மாவின் நீலப் புடவைதான் கடல்.

ஏழாம் நாள் நாகர்கோவிலிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். ஊரிலிருந்த பெரியப்பா பிடித்த பிடியில் அப்பா தலையாட்டியிருந்தார். அமைந்தால் தையில் கல்யாணம், படிப்புக்கு முழுக்கு. அத்தை அன்று காலையிலேயே எனக்கு ஒரு வேலை கொடுத்தாள்.

"நான் நிறுத்தும்போதெல்லாம் நீ 'அப்புறம்?'னு கேக்கணும், கேட்டியா மக்களே?"

மாப்பிள்ளையின் அம்மா பாட்டுப் பாடச் சொன்னாள். அத்தை எழுந்து கொலுவின் முன் போய் நின்று, கரியைக் காட்டி ஆரம்பித்தாள். பூமிக்கடியில் நிலக்கரி இருந்ததால் இயந்திரம் ஓடிற்று, இரும்பு உருகிற்று. பருத்திச் செடி ஒன்றுகூட விளையாத நாடு ஊருக்கெல்லாம் துணி நெய்து விற்றது. தின்கிற கோதுமைக்கும் குடிக்கிற தேயிலைக்கும் அவர்கள் கப்பலைத்தான் நம்பியிருக்க வேண்டியிருந்தது.

"அவன்தான் போய்த் தொலைஞ்சானே, இன்னும் எதுக்கு அவன் புராணம்?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"போனவன் எப்பிடிப் பொழைக்கான்னு நாம தெரிஞ்சுக்கிட வேண்டாமா மாமா?" என்றாள் அத்தை.

"அப்புறம்?" என்றேன் நான்.

காப்பி ஆறி ஆடை படிந்தது. கப்பல் கட்டும் தொழிலை முடித்து அத்தை நிறுத்தியபோது என் வாய் நிறையச் சுண்டல். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அத்தை என்னையே பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா, "சரி, இனி ஒரு பாட்டு..." என்று இழுத்தாள்.

"அப்புறம்?" என்றது ஒரு குரல். அப்பா!

அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கினாற்போல் இருந்தது. பிறகு லண்டன் பாங்குகளைப் பற்றியும் இன்ஷூரன்ஸைப் பற்றியும் விளக்கு வைக்கும் நேரம்வரை சொன்னாள்.

பெண் தங்கள் வீட்டுக்கு அதிகம் என்று நாகர்கோவிலிலிருந்து கடிதம் வந்தது. பெரியப்பா வந்து அப்பாவை நிற்கவைத்துத் திட்டினார். அத்தை கல்லூரிக்குப் போனாள்.

எனக்கு அப்பாமேல் ஆத்திரம் தீரவில்லை. "அது அத்தை எனக்குத் தந்த வேலைலா? நீங்க எதுக்கு நடுவுல வந்தீங்க?" என்று சண்டைக்குப் போனேன்.

"தெரியாமக் கேட்டுட்டேன் மக்களே," என்றார் அப்பா, தலையைச் சொறிந்தபடி.

பாவம், அவருக்கு விஷயம் தெரியாது என்று நான் மன்னித்துவிட்டேன்.