அசெக்கெனி விட்டுவைத்த கதிர்கள்

அசெக்கெனியின் கேப்பைக் காட்டில் அறுப்பு முடிந்துவிட்டால் அங்கே குருவிக்குக்கூட வேலை கிடையாது. கதிரையெல்லாம் அறுத்துக் கூடையில் போட்டவள் திரும்பி வந்து சிந்தியதைப் பொறுக்குவாள். அதுவும் போதாதென்று மண்ணை முறத்தில் அள்ளிப் புடைப்பாள். தெசோ நாட்டில் சிக்கனக்காரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மண்ணைப் புடைத்தவள் இவள் ஒருத்திதான்.

அவளைக் குறை சொல்லவும் மனம் வராது. கணவன் செத்தபோது இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு பெண் குழந்தைகள். குதிரில் அரைக் கூடை கேப்பை. அதைக் களியாகவும் கூழாகவும் நீட்டி, அடுத்த அறுப்புவரை மூன்று உயிரைப் பிடித்துவைத்தாள். நீட்டிப் பழகிய கைக்குப் பிறகு நிறுத்தத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

போன வருடம் அந்தக் கைதான் அவள் காலை வாரியது. காடு அறுக்க ஊரார் வந்தால், காட்டுக்காரி அஜோன் வைக்கவேண்டும். கேப்பை மாவைப் புளிக்கவைத்து, வறுத்து, முளைமாவு கலந்து நொதிக்கவிட்டு, வெந்நீர் ஊற்றிய பானையைச் சுற்றி உட்கார்ந்து நீளக் குழல்களால் உறிஞ்சும் சரக்கு அது. கூலியும் அதுதான், மரியாதையும் அதுதான். அசெக்கெனி அதே சக்கையில் ஐந்தாவது தடவையும் வெந்நீர் ஊற்றினாள்!

அடுத்த வீட்டு அலுப்போ குழலை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஏன்க்கா, பானை கழுவுன தண்ணிய எங்களுக்கு ஊத்திட்டு, அஜோன எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

ஊரே சிரித்தது. அசெக்கெனியும் சிரித்து வைத்தாள். இந்த வருடம் அறுப்பு நாளில் விடிந்து நெடுநேரமாகியும் காட்டுக்கு வந்து நின்றது அலுப்போ மட்டும்தான்.

"எங்கடி மத்தவங்க?"

"எல்லாருக்கும் வயித்து வலியாம்க்கா. போன வருசம் குடிச்சது இன்னும் செரிக்கலையாம்."

"இந்தத் தடவ கெட்டியா வச்சிருக்கேன்டி, சத்தியமா!"

"அது உனக்கும் பானைக்கும்தானே தெரியும்?"

சதுப்புக்கு அப்பால் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. முற்றிய கதிர் மழையில் ஊறினால் நின்ற நிலையிலேயே முளைத்துவிடும். அப்புறம் வருடம் முழுக்கக் களிக்கு எங்கே போவது? இரண்டு பேர் அறுக்க இரண்டு நாள் ஆகும். மழையோ மாலைக்குள் வந்துவிடும்போல இருந்தது. அசெக்கெனி கத்தியை எடுத்துக் கதிரைக் கிள்ளத் தொடங்கினாள்.

வெயில் ஏறும் நேரத்தில் காட்டின் மறுகோடியில் கதிர்கள் மளமளவென்று ஆடின.

"ஐயோ, மாடு பூந்துடுச்சு!" என்று கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடப்போனவளை அலுப்போ பிடித்து இழுத்தாள்.

"மாடு இல்லக்கா, உன் மருமகன்! பாக்காத, உக்காரு! நேத்தே தெரியும் எவனும் வரமாட்டான்னு. நான்தான் ஆள விட்டுச் சொன்னேன்."

அசெக்கெனி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக் குந்திவிட்டாள். மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துக்கொள்ளக் கூடாது. நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பார்த்துவிட்டால் ஆடு வெட்டித்தான் கழிக்கவேண்டும், மானமும் கூடவே போகும். மூத்த மகள் அமுலெனை ஓஜாகோல் கட்டிப் பதினோரு வருடம் ஆகிறது. இருவரும் இம்மி பிசகவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் பேசியதுதான் வம்பு. பெண்ணுக்குப் பரிசமாக எத்தனை மாடு என்று பேச வந்த சபையில், ஒல்லியாக ஆறடிக்கு நின்ற பையனைப் பார்த்து அவள் வாய் சும்மா இருக்கவில்லை. "இந்தக் கொக்கா என் காட்டுல கதிர் அறுக்கப் போவுது? குனிஞ்சாலே முதுகு ஒடிஞ்சிடுமே!" என்றாள். அவன் காது சிவந்ததைப் பார்த்தாள். மறுநாளே சரிசெய்திருக்கலாம். செய்யவில்லை. தாலி கட்டியதுபோல அந்தப் பரிச மாடுகள் அவள் தொழுவத்துக்கு வந்ததும் இரண்டு வாயும் பூட்டிக்கொண்டன. கேட்கவேண்டிய மன்னிப்பு மட்டும் பதினோரு வருடமாக அவள் தொண்டையிலேயே கிடந்தது.

அவன் மூன்று ஆள் வேலை செய்தான். அலுப்போ கூடைகளைச் சுமந்து மாளவில்லை. மத்தியானம் அசெக்கெனி மருமகனுக்கென்று அலுப்போவிடம் கேப்பைக் களியும் வேர்க்கடலை விழுது போட்ட கீரையும் கட்டிக் கொடுத்தாள். முதல் வெந்நீர் ஊற்றிய பானையையும் அப்படியே தூக்கிக் கொடுத்தாள். வழியில் ஓர் இழுப்பு இழுத்த அலுப்போ, "அடியாத்தி, கெட்டிதான்!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

மாலைக்குள் காடு சுருங்கி, நடுவில் நாலு முழ அகலத்துக்கு ஒரு பத்தி மட்டும் நின்றது. இந்தப் பக்கம் மாமியார், அந்தப் பக்கம் மருமகன். கேப்பை மார் உயரம்தான். நிமிர்ந்தால் தலை தெரிந்துவிடும் என்று அந்த ஆறடி மனிதன் முழங்காலிலேயே நகர்ந்துகொண்டிருந்தான். அவன் மூச்சு வாங்குவது கேட்டது. அலுப்போ கூடையோடு குதிருக்குப் போயிருந்தாள். பத்தியோரம் இருந்தது சிந்தியதைக் கொத்திக்கொண்டிருந்த ஒரு கோழிதான்.

அசெக்கெனி தொண்டையைச் செருமினாள்.

"ஏ கோழி! அந்தப் பக்கம் இருக்கறவருக்கு முதுகு வலிக்குதான்னு கேளு."

கத்திச் சத்தம் நின்றது. கோழி தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"கோழி, கொக்குக்கு முதுகு ஒடியலன்னு அத்தைகிட்ட சொல்லு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது.

"அத்தைக்கு அன்னிக்கு வாய்க்கொழுப்புன்னு சொல்லு, கோழி. தப்புதான்னு சொல்லு. ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தாளாம்."

அந்தப் பக்கம் ஒரு கதிர் கூடையில் விழுந்தது.

"அஜோன் கெட்டியா இருந்துச்சாம்னு சொல்லிடு," என்றது அந்தப் பக்கம்.

முதல் துளி விழுந்தது. அசெக்கெனி கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மீதி நிக்கட்டும். அவரை வீட்டுக்குப் போகச் சொல்லு, கோழி. நனையப்போறாரு."

மழை மூன்று நாள் அடித்தது. நாலாம் நாள், கெட்டி அஜோன் சேதி கேட்டு வயிற்று வலியெல்லாம் தீர்ந்து ஊரே அவள் பானையைச் சுற்றி வந்து உட்கார்ந்தது. வெறுங்காட்டின் நடுவில் முளைவிட்டு நின்ற பத்தியைப் பார்த்து எல்லோரும் வாய் பிளந்தார்கள்.

"மண்ணையே புடைக்கிறவளாச்சே! இதை எப்படிக்கா விட்ட?" என்றாள் அலுப்போ.

அசெக்கெனி குழலை அவள் பக்கம் நீட்டினாள்.

"அது கேப்பை இல்லடி. எனக்கும் என் மருமகனுக்கும் நடுவுல நின்னு மானத்தக் காத்த சுவரு. சுவர எவளாவது அறுத்துக் களி கிண்டுவாளா? குடி, ஆறிடும்."