மித்ரி கந்தூஸின் டின்கள்

2016ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் ஒரு மாலை, எங்கள் ரொட்டி அடுப்புக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, மித்ரி கந்தூஸ் ஒரு டின்னின் அடிப்பாகத்தை உள்ளங்கையால் அறைந்துகொண்டிருந்தார். மூன்றாவது அறையில் இளஞ்சிவப்பு நிறக் கட்டியொன்று ‘ளப்’பென்று ரொட்டியின்மேல் விழுந்தது. டின்னின் வளையங்கள் அதன் இடுப்பில் மடிப்பு மடிப்பாகப் பதிந்திருந்தன. மேலே ஒட்டியிருந்த கூழை விரலால் வழித்து நக்கிய பிறகுதான் அவர் என்னைக் கண்டார்.

அரைமணி நேரத்திற்கு முன்னர்தான் அவர் என் மேசையில் இரண்டு தட்டு பருப்புச் சோற்றை முடித்து, “கைகள் நலமா இருக்கட்டும், டீச்சர்” என்று வாழ்த்திவிட்டு எழுந்திருந்தார். நாட்டின் வடக்கே அந்த்கத்திலிருந்து தெற்கே மர்ஜயூன் வரை, ஏப்ரல் முழுவதும் மலையின் முதுகிலேயே நடப்பவர்கள் தங்கிச் செல்லும் வீடுகளுள், ஊர்ப் பள்ளி ஆசிரியையான என்னுடையதும் ஒன்று. அந்த ஆண்டு மாரோனியக் கத்தோலிக்கரின் ஈஸ்டர் முடிந்து இரண்டு வாரமாகியிருந்தது. ஆர்த்தடாக்ஸ் சபையினராகிய எங்களுக்கோ தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் இறைச்சி இல்லை.

“நீங்க நம்ம சபைதானே, மித்ரி?”

“அப்பா நம்ம சபை, டீச்சர். அம்மா மாரோனியர் சபை. ஞானஸ்நானம் அப்பா பக்கம், வயிறு அம்மா பக்கம்.”

இந்த விளக்கமே போதுமானதாக இருந்திருக்கும். ஆனால், அவருடன் நடந்து வந்த பெய்ரூத் பல் மருத்துவர் ரீமா, சமையலறைச் சன்னலிலிருந்து தலையை நீட்டி வழக்கைச் சிக்கலாக்கினார்.

“சித்தப்பா புனிதர் மார் எலியாஸ்கிட்ட நேர்ந்துக்கிட்டு நடக்கிறார், டீச்சர். முதல் அடியிலேர்ந்து கடைசி அடி வரைக்கும் இறைச்சியே தொடமாட்டாராம். டின்னை மட்டும் தொடுவாராம்!”

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அவருடைய மனைவி நஜ்லாவின் மார்பில் கட்டி கண்டு, அறுவைச் சிகிச்சை செய்திருந்தார்கள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றபடி, அவள் பிழைத்தால் ஆண்டுதோறும் மலை முழுவதையும் நடப்பதாகவும், நடக்கும் நாள்களில் இறைச்சி உண்பதில்லை என்றும் மித்ரி வாக்குக் கொடுத்துவிட்டார். நஜ்லா பிழைத்தாள். நான்காம் நாள் ஏற்றத்தில், பருப்பும் கீரையும் போதவில்லை என்று மித்ரியின் முழங்கால்கள் அறிவித்துவிட்டன.

அவர் ஸஹ்லே நகரில் முப்பத்தொரு ஆண்டுகளாகக் கசாப்புக் கடை வைத்திருப்பவர். அவருடைய வாதம் முழுவதும் அந்தத் தகுதியின்மேல்தான் நின்றது.

“இறைச்சின்னா என்னன்னு எனக்குத் தெரியாதா, டீச்சர்? நார் இருக்கும், கொழுப்பு இருக்கும், எலும்பு இருந்த இடம் இருக்கும். இதுல என்ன இருக்கு? எந்த மாடாவது இதைப் பார்த்து ‘ஐயோ, எங்கப்பா’ன்னு அழுமா? என் கடைக்கு வந்து இதை ஒருத்தன் இறைச்சின்னு சொன்னா, கத்தியோட துரத்துவேன்.”

டின்னின் தாளில் ‘மாட்டிறைச்சி’ என்று தெளிவாக அச்சிட்டிருப்பதை நான் சுட்டிக்காட்டினேன்.

“அச்சடிச்சவன் கசாப்புக்காரனா?” என்றார் மித்ரி. பிறகு வேதத்தையே துணைக்கு அழைத்தார். “மார் எலியாஸ் ஓடைக்கரையில ஒளிஞ்சிருந்தப்ப, காகம் ரெண்டு வேளையும் ரொட்டியும் இறைச்சியும் கொண்டு வந்து குடுத்துச்சு. எனக்குக் காகம் வரலை, மளிகைக்கடைதான் வந்துச்சு. அவருக்கு இது புரியும். மத்த புனிதர்னா எனக்கே பயம்தான்.”

அன்றுமுதல் ஒவ்வோர் ஏப்ரலிலும் அவரைக் கவனித்து வருகிறேன். டின்னைக் காதருகே ஆட்டிப் பார்த்து, “இது கோழி” என்றோ “இது தண்ணி” என்றோ சொல்வார். எலும்பு நீக்கும் கத்தியால்தான் வெட்டுவார். நாரே இல்லாத கட்டியை நாருக்குக் குறுக்காக வெட்ட வேண்டும் என்று திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பார். சூடான கல்லில் இருபுறமும் வாட்டி, மெல்லிய மலை ரொட்டியில் சுருட்டி, டர்னிப் ஊறுகாய் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். காலி டின்னைக் குதிகாலால் தட்டையாக மிதித்துப் பையின் பக்கவாட்டில் செருகிக்கொள்வார். மலையில் குப்பை போடுபவனை அவர் திட்டும் சொற்களை இங்கே எழுத இயலாது; ஆயினும், அவற்றின் இலக்கணத்தில் குற்றம் காண முடியாது.

ரீமா நாளெல்லாம் பாதாமும் பேரீச்சையும் கொறிப்பவர்.

“சித்தப்பா, நீங்க செத்தா உடம்பு கெடவே கெடாது. அவ்வளவு உப்பு!”

“நீ செத்தா அழறதுக்கு அணில்தான்டி வரும்.”

ஒருமுறை நஜ்லா தொலைபேசியில் அழைத்தபோது, தயக்கத்துடன் டின் விவகாரத்தை அவளிடம் கூறினேன். மறுமுனையில் உரத்த சிரிப்பு எழுந்தது. “பையில வெச்சு அனுப்பறதே நான்தான், டீச்சர்! நேர்த்திக்கடன் அவரோடது, புருஷன் என்னோடது. உப்பில்லாம மலையில விழுந்தா யார் தூக்கறது? மார் எலியாஸ் வேணும்னா என்கிட்ட கோவிச்சுக்கட்டும்.”

இந்த ஏப்ரலில் மித்ரி எல்லோருக்கும் பின்னால், ரீமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கடைசி ஏற்றத்தில் தலைசுற்றி விழுந்திருக்கிறார். அவருடைய பையை இறக்கி வைத்த இளைஞன் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். வழக்கமாக நான்கு டின்களுக்குமேல் அவர் வைத்துக்கொள்வதில்லை. வழியெங்கும் கடைகள் உண்டு. இம்முறை இருபத்திரண்டு இருந்தன. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை.

“பதினோரு நாளா இப்படித்தான், வாங்கி வாங்கிப் பையில போடறார், திறக்கறதே இல்லை” என்றார் ரீமா. அவர் குரலில் கேலி இல்லை. “நஜ்லா சித்திக்கு மறுபடியும் ஏதோ நிழல் தெரியுதாம். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்காங்க. வெள்ளிக்கிழமை ரிசல்ட்.”

அன்று புதன்கிழமை.

நான் மித்ரியின்முன் பருப்புச் சோற்றை வைத்தேன். தலை நிமிராமல் மூன்று தட்டு உண்டார்.

“சாப்பிடாததை எதுக்கு மித்ரி சுமக்கறீங்க?”

“கையில இல்லாதவன் சாப்பிடாம இருந்தா அது பட்டினி, டீச்சர். முதுகுல வெச்சுக்கிட்டே சாப்பிடாம இருந்தாத்தானே நேர்த்தி?”

“அப்படின்னா, இது இறைச்சிதான்னு ஒத்துக்கறீங்களா?”

அவர் ஒரு டின்னை எடுத்துக் காதருகே கொண்டுபோனார். ஆட்டாமலே கீழே வைத்தார்.

“இத்தனை வருஷமா மார் எலியாஸும் நானும் விளையாட்டாப் பேசிக்கிட்டோம். அவரும் சிரிச்சாருன்னுதான் நினைச்சேன். இந்தத் தடவை அவர் சிரிக்கலைன்னா?”

வியாழக்கிழமை காலையில், பாதி டின்களையாவது என்னிடம் விட்டுச் செல்லுமாறும், திரும்பும்போது எடுத்துக்கொள்ளுமாறும் கூறினேன். “புனிதருக்கு எண்ணத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?” என்று கேட்டுவிட்டு, இரண்டு பேர் தூக்கிவிட, பையை முதுகில் ஏற்றிக்கொண்டார். ரீமா ஒரு பிடி பாதாமை அவருடைய சட்டைப்பையில் திணித்தார். அவர் மறுக்கவில்லை.

வாயிலைத் தாண்டிப் பத்தடி போனவர் நின்றார். திரும்பி வந்தார். பையைக் கழற்றி என் காலடியில் இறக்கி, அதன் கயிற்றை அவிழ்த்து, வாயை இரு கைகளாலும் விரித்து என்முன் பிடித்தார்.

“டீச்சர், உள்நாட்டுச் சண்டைக்காலத்துக்கு அப்புறம் இந்த நாட்டுல ஒரு டின்னை ஒளிச்சு வெக்காத வீடே கிடையாது. உங்க அரிசி டப்பாவுக்குப் பின்னாடியும் ஒன்னு இருக்கும். அதையும் நான் சுமக்கறேன், இதுல போடுங்க.”