லிஃப்ட் பக்கத்து இடம்

என் இடது கால் போலியோவில் போனது. பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில்தான் தார்நாகாவில் ஓர் ஆய்வுக்கூட நூலகத்துக்கு வேலைக்குப் போய்வந்தேன். எங்கள் கட்டடத்தில் கீழே கடைகள், நடுவில் ஆபீஸ்கள், மேலே வீடுகள். முதல் அடித்தளத்தில் லிஃப்டை ஒட்டி வண்டியை விடுவேன். யாரும் ஆட்சேபித்ததில்லை.

கட்டடத்துக்குப் பசுமைச் சான்றிதழ் வாங்குவதென்று சங்கம் முடிவெடுத்ததும் பார்க்கிங் முழுவதையும் மாற்றி வரைந்தார்கள். லிஃப்ட் பக்கம் மின்சார வண்டிகளுக்கு. பெட்ரோல் வண்டிகள் இரண்டாவது அடித்தளத்தில். அவ்வளவு கீழே லிஃப்ட் இறங்காது, சரிவுப் பாதையில் நடந்து ஏறித்தான் வரவேண்டும்.

கூட்டத்தில் எழுந்து, "என்னால அந்தச் சரிவு ஏற முடியாது தம்பி" என்றேன்.

சங்கத் தலைவரும் தமிழர்தான். எங்கள் இருவரின் அப்பாக்களும் லாலாகுடா ரயில்வே பணிமனையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள்.

"கரெண்டு வண்டி வாங்கிடுங்க அக்கா. லிஃப்ட் பக்கத்துலயே இடம். எல்லார் முன்னாலயும் சொல்றேன், ப்ராமிஸ்."

கைதட்டினார்கள். வாங்கினேன். போவன்பள்ளி மெக்கானிக் ஒருவர் பக்கச் சக்கரம் பொருத்திக் கொடுத்தார். அடுத்த கூட்டத்தில் லிஃப்ட் பக்கத்து இடத்தைக் கேட்டேன்.

"அய்யோ அக்கா, அது கார் நிக்கிற இடம்" என்றார் தலைவர்.

"டூவீலர் இடத்துல என் வண்டி நுழையலையே?"

"அது டூவீலரும் இல்ல, காரும் இல்ல. ப்ளான்ல அப்படி ஒரு வண்டியே கிடையாது."

"ஆட்டோ ஸ்டாண்டுல விடச் சொல்லுங்க" என்று பின்னால் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். அதை நினைத்தால் இன்றும் எரிகிறது.

வண்டியை இரண்டாவது அடித்தளத்தில் விட்டு ஏறிவந்ததில், அந்தச் சரிவில் இரண்டு முறை விழுந்தேன். பிறகு ஒருநாள் காலையில் தலைவர் போன் செய்தார். "அக்கா, இன்னைக்கு வண்டியை லிஃப்ட்கிட்ட கொண்டாந்து விடுங்க. நல்ல புடவையா கட்டிட்டு வாங்க." மனம் இளகிவிட்டது என்று நம்பி, பட்டுப்புடவையில் போனேன். சான்றிதழ் தருவதற்காகச் சோதிக்க வந்த பெண்மணி என்னையும் வண்டியையும் படமெடுத்தார். வசதியாக இருக்கிறதா என்று தெலுங்கில் கேட்டார்.

"இன்னைக்குத்தான் விட்டாங்க" என்று நானும் தெலுங்கிலேயே சொன்னேன்.

"அக்கா எப்பவும் இப்படித்தான், தமாஷ்" என்றார் தலைவர். அந்த அம்மாள் புன்னகைத்துவிட்டு அடுத்த சார்ஜரைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாளும் அங்கேயே வண்டியை நிறுத்தினேன். "மேடம், நக்கோ, வேண்டாம்" என்று காவலாளி கெஞ்சினார். நான் இறங்கவில்லை. தலைவர் வந்தார். காவலாளியோடு இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டு, நான் உட்கார்ந்திருக்கும்போதே வண்டியைத் தள்ளச் சொன்னார். பிரேக்கைப் பிடித்தேன். நால்வரும் என்னோடு வண்டியைத் தூக்கினார்கள். கடைகளுக்கு வந்தவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள்.

"பார்த்து, அக்காவைக் கீழ போட்டுடாதீங்க" என்றபடி அவர் முன்னால் நடந்தார்.

சரிவின் அடியில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். மேலே ஏறிவர யாரும் கை கொடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

அந்த மாதமே வீட்டைக் காலி செய்து, லாலாகுடாவில் தரைத்தள வீடு ஒன்றுக்கு வாடகைக்குப் போனேன். சில மாதங்கள் கழித்து, மகளின் கல்யாணப் பத்திரிகையோடு தலைவர் வந்தார்.

"இன்னும் கோபமா அக்கா?"

"ஹவ், ஆமா" என்றேன்.

அவர் சிரித்தார். நான் உட்காரச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பத்திரிகையை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். கல்யாணத்துக்கு நான் போகவில்லை.