இத்தாலிப் பெண்ணுக்கு இட்ட குரவை

இத்தாலி எந்தத் திக்கில் இருக்கிறது என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் வாவிக்கு அங்கால் எங்கோ என்று கை காட்டியிருப்பேன். அப்படிப்பட்ட என்னைத்தான் இத்தாலிப் படங்களுக்குக் கதை சொல்ல நிறுத்தினார்கள்.

பேசாத படங்கள் ஓய்ந்துகொண்டிருந்த காலம். கொழும்பில் யாரும் சீந்தாத பழைய இத்தாலிப் படச் சுருள்களை அள்ளிக்கொண்டு ஒரு முதலாளி ஊர் ஊராகக் கொட்டகை போட்டுவந்தார். காத்தான்குடியில் காட்டி முடித்து, சாமான்களைத் தோணியில் ஏற்றி மண்டூருக்கு வந்து, நெல் சூடடித்து ஓய்ந்த வயல்வட்டையில் கூடாரம் அடித்தார். படத்தின் நடுவே எழுத்து வரும். எல்லாம் இத்தாலி எழுத்து. மிசன் பள்ளியில் ஆங்கிலம் படித்துவிட்டு ஊரில் சும்மா திரிந்தவன் நான். ஆங்கிலம் தெரிந்தவனுக்கு இத்தாலியும் தெரிந்திருக்கும் என்பது முதலாளியின் எண்ணம். நானும் மறுக்கவில்லை. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன்.

வாய் பேசாத படம் எங்கள் சனத்துக்குப் புதுமையாகவே தெரியவில்லை. எங்கள் முருகன் கோயிலில் பூசையே துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் நடக்கும். பேசாமல் இருப்பது பெரிய இடத்து வழக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கண்ட குறை வேறு. கூத்தில் யார் களரிக்கு வந்தாலும் தான் இன்னார் என்று பாடி ஆடி வரவு காட்ட வேண்டும். இந்த இத்தாலிக்காரர்களோ கதவைத் திறந்துகொண்டு சும்மா உள்ளே வந்தார்கள். வந்தவன் யார், அவன் தகப்பன் யார் என்று வாங்குப் பலகைகளில் இருந்தவர்கள் என்னை அதட்டினார்கள். மறுநாள் முதல் எல்லோருக்கும் நான் வரவு பாடினேன். காகிதம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும் வேலைக்காரனையும் விடவில்லை. நான் பாடி முடிப்பதற்குள் அந்தப் பாவி போய்விடுவான். திருப்பிக் காட்டச் சொல்லிச் சண்டை நடக்கும்.

கூத்தில் போர்க்கதை வடமோடி, காதல் கதை தென்மோடி. இத்தாலியையும் அப்படியே பிரித்தார்கள். பனைமரம் மாதிரி ஒருவன் ஆட்களைத் தூக்கித் தூக்கி எறிவது வடமோடி. ரோமாபுரி ராசாக்களும் யானைகளும் பற்றியெரியும் பட்டணமும் அதே வகை. ஆனால் ராசா தலையில் வைத்த முடி மெத்தச் சிறிது என்று கூத்துப் பழக்கும் அண்ணாவியார் முகத்தைச் சுளித்தார். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு ஊரையெல்லாம் இடித்து விழுத்துகிறவன் கோமாளி. நீளச் சட்டை போட்ட சீமாட்டி ஒருத்தி கதவுச் சீலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஏங்கி நிற்பது தென்மோடி. நிற்பதென்றால் அப்படியொரு நிற்பு. வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டு வந்தாலும் அதே சீலையைப் பிடித்தபடி நிற்பாள்.

அந்தத் தென்மோடிதான் என் தலையில் வந்து விடிந்தது.

என் மாமிக்கு ஒரே மகள். எனக்கென்று பேசி வைத்த மச்சாள். பேசி வைத்ததற்காகச் சொல்லவில்லை, அவளென்றால் எனக்கு உயிர். அப்போது அவள் காய்ச்சலும் இருமலுமாகப் பாயோடு கிடந்தாள். பரியாரியார் கையைப் பிடித்துப் பார்த்து மருந்து தந்தாரே தவிர, பிழைப்பாள் என்று வாய் திறந்து சொல்லவில்லை. கவலையை மறக்கட்டும் என்று யாரோ மாமியைப் படம் பார்க்கக் கூட்டிவந்தார்கள். அன்றைக்கென்று பார்த்துச் சீமாட்டி சீலையை விட்டுவிட்டு, கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். இருமி இருமிக் கட்டிலில் விழுந்தாள். அதோடு சுருள் முடிந்துவிட்டது. கடைசிச் சுருளைக் காத்தான்குடியிலேயே மறந்து விட்டுவந்திருந்தார் முதலாளி. ஆள் போயிருக்கிறது, வெள்ளிக்கிழமை காட்டுகிறேன் என்றார்.

சனம் கலைந்த பிறகும் மாமி எழும்பவில்லை. வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"மனே, அந்தப் புள்ள எழும்பினா என்ட புள்ளையும் எழும்பும்."

எழும்பாவிட்டால் என்ன என்ற கேள்வியோடு மாமியை வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

விடிந்தபோது ஊர் முழுக்க அதே பேச்சு. சீமாட்டி நெஞ்சைத் திறந்துபோட்டுக்கொண்டு பனியில் நின்றதால் வந்த வினை என்றார்கள். இத்தாலியில் இருமலுக்கு ஆடாதோடை கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார்கள். கிடைக்காது என்றேன். பொழுதுபடுவதற்குள் யாரோ ஒரு கட்டு ஆடாதோடை இலையைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மாமி சீமாட்டிக்கு அர்ச்சனை செய்யப் பிள்ளையார் கோயிலுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். ஐயர் பேர் கேட்டார். இத்தாலிப் புள்ள என்றார் மாமி. ஐயர் நட்சத்திரம் கேட்டார். மாமி யோசிக்காமல் மகளின் நட்சத்திரத்தைச் சொன்னார். ஐயர் மறுபேச்சில்லாமல் மந்திரத்தைத் தொடங்கினார்.

வெள்ளி காலையில் சுருள் வந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். சீமாட்டி செத்துப்போனாள். சந்தேகத்துக்கு இடமே இல்லை. வெள்ளைச் சட்டை, பூ, மெழுகுதிரி, பாதிரியார், பெட்டி என்று வரிசையாகக் கிடந்தது. அந்த வெயிலிலேயே குந்திவிட்டேன். முதலாளியிடம் ஓடி, இன்றைக்கு ஏணிக்காரனைக் காட்டுவோம் என்று கெஞ்சினேன். சனம் கூடாரத்தைப் பிய்த்து எறிந்துவிடும் என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

அன்று மாலை கொட்டகை கொள்ளாத கூட்டம். மாமி மச்சாளையே மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிக் கிடத்திக் கொண்டுவந்துவிட்டார். கூடாரத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கட்டி, வண்டியைப் பாதி உள்ளே தள்ளி நிறுத்தினார்கள்.

சீமாட்டி கண்ணை மூடினாள். நோய் தீர்ந்த நித்திரை என்றேன். வெள்ளைச் சட்டை வந்ததும் கலியாண உடுப்பு என்று வாயில் வந்துவிட்டது. சொன்னது சொன்னதுதான், பிறகு நிறுத்தவில்லை. பூ மணவறைப் பூ. மெழுகுதிரி குத்துவிளக்கு. பாதிரியார் கலியாணம் எழுத வந்தவர். அழுகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டார், எங்கள் பக்கத்து வழக்கம் போல மகனைப் பெண் வீட்டுக்கு அனுப்புகிற கவலை.

பிறகு பெட்டி வந்தது. நல்ல நீளமான பெட்டி, மூடியில் குருசு. வாங்கு அடிக்க மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த பறங்கித் தச்சர் முன்னால் இருந்தார். பட்டணத்தில் அவருடைய பிழைப்பே சவப்பெட்டி செய்வதுதான். யாரோ அவரிடம் அது என்னவென்று கேட்டுவிட்டார்கள். அவர் திரையைப் பார்த்தார். திரும்பி வண்டியைப் பார்த்தார்.

"கலியாணக் கட்டில். தூசி படாம இரிக்க மூடிக் கொண்டுபோறாங்க."

மாமி எழும்பி நின்று, கலியாண வீட்டில் போல நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டார். அடுத்த கணம் கொட்டகையிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் குரவையிட்டார்கள். திரையில் பெட்டி தோளேறிப் போகப்போக, இங்கே குரவை ஏறிக்கொண்டே போனது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் போலவும் இருந்தது. மேற்கொண்டு நான் கதை சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

திரும்பும்போது வண்டியை ஒட்டி நடந்தேன். மாமி முன்னால் நடந்துகொண்டிருந்தார். மச்சாள் என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"மச்சான், அவ செத்துப் போயிற்றா. அம்மாக்குச் சொல்லிராதீங்க."

மறுநாள் காலையில் மாமி என்னைக் கிணற்றடிக்கு அழைத்தார். முகத்தைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

"அது பொட்டிதான் எண்டு எனக்குத் தெரியும் மனே. புள்ளைக்கு மட்டும் சொல்லிராத."

இருவருக்கும் ஓம் என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

பரியாரியாரின் மருந்தோ, பிள்ளையாரோ, யார் செய்த புண்ணியமோ, மழை தொடங்குவதற்கு முன் காய்ச்சல் விட்டது. மச்சாள் எழும்பி நடந்தாள், சண்டை பிடித்தாள், அடுத்த சூடடிப்பு முடிந்ததும் எங்களுக்குக் கலியாணம் வைத்தார்கள். மணவறையில் பூவும் விளக்குமாக இருந்தது. தாலி எடுத்ததும் அதே பெண்கள் அதே குரவையைத் தொடங்கினார்கள். எனக்குத் திரையில் போன பெட்டிதான் கண்ணில் தெரிந்தது; தாலியைக் கட்டாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்தவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"பயப்படாதீங்க மச்சான். இது மெய்யாவே கலியாணம்தான்."