டி-ஷர்ட்டோடு ஜார்ஜியா போனோம்

பனியன் கம்பெனியில் ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் வேலை என்றால், யார் தப்பு செய்தாலும் முதல் திட்டை வாங்கிக்கொள்வதற்குச் சம்பளம் வாங்குவது. திருப்பூரில் இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அருள்புரத்தில் இருக்கும் எங்கள் கம்பெனி இத்தனை வருடமும் வெளிநாட்டுக்காரன் லேபிளுக்குத்தான் தைத்தது. போன வருடம்தான் முதலாளி சொந்தப் பெயரில் டி-ஷர்ட் போட்டார். தீபாவளிக்குள் விளம்பரப் படம் வந்தால்தான் கடைக்காரர்கள் சரக்கு எடுப்பார்கள். இல்லாவிட்டால் பழையபடி அடுத்தவன் லேபிள்தான். பனிமலையில் எடுப்பது, அதுவும் ஜார்ஜியாவில் என்று முடிவாயிற்று. சட்டைகளுக்குக் காவலாக என்னை அனுப்பினார்கள். என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது, வேறு தகுதி எதையும் அவர்கள் கேட்கவில்லை.

மீடியம் சைஸ் நாயகன்

நடிக்க வந்த சென்னைப் பையன் தன் அளவு மீடியம் என்று சொல்லி அனுப்பியிருந்தான். எல்லாச் சட்டையும் மீடியத்திலேயே தைத்தாகிவிட்டது. கோவை விமான நிலையத்தில் பார்த்தால் ஆள் எக்ஸெல்லுக்கும் மேலே இருக்கிறான். இடையில் ஜிம்முக்குப் போய் உடம்பு ஏறிவிட்டதாம். அவன் என் தோளில் தட்டினான்.

"பனியன் துணிதானே பிரதர், இழுத்தா வரும்."

பனி போன இடம்

விமானம் மாறிய ஊரில் கேமராப் பெட்டி எங்களோடு ஏறவில்லை. அது வந்து சேர்வதற்குள், மலையில் படம் எடுக்க வாங்கிய அனுமதியில் ஒரே ஒரு பகல்தான் மிச்சம். விழுந்தடித்து மேலே போனால், பனி உருகி எங்கோ தூரத்துச் சிகரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. இங்கே சுள்ளென்று வெயில். கேமராமேன் காற்றாலைகள் நிறைந்த உடுமலைப்பேட்டைக்காரர். ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"இந்த வெயிலுக்கு எங்கூர்லயே காத்தாடிக்குக் கீழ நிக்க வெச்சு எடுத்திருக்கலாமுங்க."

பெட்டியைப் பிரித்தோம்

டேப் ஒட்டி வந்த சட்டைப் பெட்டியை அங்கேதான் பிரித்தோம். முதல் சட்டையின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அடுத்ததிலும் ஓட்டை. அத்தனையிலும் அதே இடத்தில். பையன் உடம்பில் மாட்டியதும் துணி இழுபட்டு ஓட்டை இன்னும் அகலமாயிற்று.

இது விற்கிற சரக்கு இல்லை, வெறும் மாதிரி என்று வெளிநாட்டுச் சுங்கத்துக்குத் தெரிவதற்காக, சாம்பிள் துணியை இப்படி வெட்டி அனுப்புவது ஏற்றுமதியில் உள்ள வழக்கம். கம்பெனியில் பெட்டி கட்டி அனுப்புகிற டெஸ்பாட்ச் வேலுச்சாமி அண்ணனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவருக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது.

"சாம்பிளு வெளிநாடு போகுதுன்னுதானுங்க சொன்னாங்க, வெட்டாம எப்பிடீங்க அனுப்புறது?"

முதலாளி போன்

பத்து நிமிடத்தில் முதலாளியே கூப்பிட்டார். படம் கெட்டது, என் வேலையும் போயிற்று என்றுதான் போனை எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். வெட்டாத சாம்பிள் கேட்டைத் தாண்டக் கூடாது என்று வேலுச்சாமி அண்ணனுக்குப் பழக்கிவிட்டவரே அவர்தான். தணிந்த குரலில் சொன்னார்.

"அவனைய ஒண்ணுஞ் சொல்லாதீங்க கண்ணு, இத்தன வருசமா அடுத்தவனுக்கே அனுப்பிப் பழகுன கை, இது நம்முளுதுன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

வெளிச்சம் போவதற்குள் முன்பக்கமாகவே எடுத்து முடித்தோம், படம் தீபாவளிக்கு வந்தது, கடைக்காரர்கள் சரக்கும் எடுத்தார்கள், ஆனாலும் ஒரு ஆளை அவ்வளவு தூரம் கூட்டிப்போய் முதுகில் வெயில் காயவிட்ட கம்பெனி உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.