விளக்கு சொன்ன விசேஷம்

என் வேலை என்னவென்று எங்கள் தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. 'அமெரிக்காவுக்கு டாக்டர் வேலை' என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். வடசேரிச் சந்தையில் காய்கறி விற்கிற அக்கா ஒருமுறை என்னிடம் நாக்கை நீட்டிக் காட்டினார். "வெள்ளம் நெறைய குடியுங்கக்கா" என்று சொல்லி, கத்தரிக்காயோடு தப்பித்து வந்தேன். நான் படித்தது மெக்கானிக்கல்.

உண்மையில் நான் மெடிக்கல் கோடர். அங்கே ஒரு பெண் போய் டாக்டரைப் பார்த்தால், அந்த டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, இன்ன நோய்க்கு இன்ன எண் என்று போடுவேன். அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ்காரன் அசைவான். நோயாளிகளின் ரகசியம் என்பதால் மாடி அறையில் உள்ளே தாழிட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அம்மா சாயாவை வாசலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டுப் போவாள். ஜெயிலில்கூட முகத்தைப் பார்த்துக் கொடுப்பார்கள்.

எனக்கு வருபவை பெரும்பாலும் மகளிர் மருத்துவக் குறிப்புகள். மாதவிலக்கு மாசக்கணக்கில் தள்ளித் தள்ளி வருவதற்கு மட்டும் எத்தனை எண்! வயதுக்கு வந்ததிலிருந்தே அப்படியென்றால் ஒன்று. ஒழுங்காக வந்துகொண்டிருந்து நடுவில் அப்படி ஆனால் வேறொன்று. எதுவென்று டாக்டர் சொல்லாமல் விட்டால் அதற்கும் ஒன்று. டாக்டர் எழுதாததை நாம் ஊகிக்கக் கூடாது என்பது தொழிலின் முதல் விதி. அடையாளமெல்லாம் கண்ணெதிரே இருந்தாலும், சந்தேகம் வந்தால் அவருக்குக் கேள்வி அனுப்பிக் காத்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியிலும் பதிலை ஊட்டிவிடக் கூடாது.

இந்த விதியெல்லாம் மாடியோடு சரி. கீழே அம்மாவின் ராஜ்யம்.

எங்கள் வீட்டில் சாயங்கால விளக்கை மனைவிதான் கொளுத்தி வாசலுக்குக் கொண்டுவருவாள். அந்த நாட்களில் மட்டும் அம்மா. யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம், தீப்பெட்டி யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். மனைவிக்கோ கல்யாணத்துக்குப் பிறகுதான் மாசம் தள்ளிப்போக ஆரம்பித்தது. அதற்கான எண் எனக்கு மனப்பாடம். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான் லீவு கிடைக்கவில்லை.

இந்தமுறை மூன்று மாசம் தாண்டியும் அவள் விடாமல் விளக்குக் கொளுத்திக்கொண்டே இருந்தாள். அம்மா யாருக்கும் கேள்வி அனுப்பவில்லை. நேராக எண்ணைப் போட்டுவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சோற்றுக்கு இறங்கி வந்தேன். மனைவியின் தட்டில் மீன் குவிந்து கிடந்தது. என் தட்டில் வால்.

"நாளைக்கு உனக்க மாமியா வாறா" என்றாள் அம்மா. "நான் போன் பண்ணி விசேஷத்தச் சொல்லிட்டேன். காலத்த பேச்சிப்பாறையிலேருந்து பஸ் ஏறுவா. முந்திரிக்கொத்து கொண்டு வாறாளாம்."

"என்ன விசேஷம்?"

"கேள்வியப் பாரு! நீயெல்லாம் அமெரிக்காவுக்கு டாக்டராலே?"

மனைவி சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கை கழுவி மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். கதவை இந்தமுறை அவள் தாழிட்டாள்.

"நேத்தே கிட் வாங்கிப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல" என்றாள். "நாளைக்கு எனக்க அம்ம வந்து எனக்க வயித்தத் தடவிப் பாப்பா. நான் எங்க போய் ஒளிய?"

எனக்கு மூளை வேலை செய்தது, வழக்கம்போல மோசமாக. "ஒண்ணு செய்யலாம். இன்னைக்கு நீ விளக்கு கொளுத்தாண்டாம். அம்மைக்குத் தானா புரிஞ்சிரும். மாமிக்கும் அவளே போன் பண்ணிருவா."

"வராதத வந்துட்டுன்னு காட்டவா? உங்க ஆபீஸுல இப்பிடி எழுதினா என்ன செய்வாவ?"

"வீட்டுக்கு அனுப்பிருவாவ."

"நீங்க வீட்டுலதான இருக்கிய, இனி எங்க அனுப்ப? கீழ போய் உள்ளதச் சொல்லுங்க. எனக்கு இது தீனம், மருந்து பாக்கணும்னு சொல்லுங்க."

படியிறங்கும்போதே வார்த்தை தேடினேன். மாதவிடாய் என்பது செய்தித்தாள் பாஷை. ஆங்கிலத்தில் 'ஒலிகோமெனோரியா' என்று சொன்னால் அம்மா ஏதோ புட்டு வகை என்று நினைப்பாள். ஊர்பேர் தெரியாத பெண்களுக்கெல்லாம் விரல் கூசாமல் தட்டச்சு செய்தவன், அடுக்களை வாசலில் நாக்கு ஒட்டிப்போய் நின்றேன். அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, விசேஷம் ஒண்ணும் இல்ல."

"கண்ணு பட்டுரும்னு பயப்படுதியா மக்கா? நான் தெருவுல யாருட்டயும் சொல்லேல. பக்கத்து ரெண்டு வீட்டுலதான் சொன்னேன்."

"அதில்லம்மா. அவளுக்கு மாசாமாசம் வரமாட்டேங்கு. ரெண்டு மாசம், மூணு மாசம் கழிச்சுத்தான் வருது. அது தீனமாக்கும். டாக்டரப் பாக்கணும்."

திருவுகிற சத்தம் நின்றது.

"எப்பமிருந்து?"

"கல்யாணம் கழிஞ்சதுலேருந்து."

"இத்தன நாளும் நீ மாடியில என்னத்தலே செய்துட்டிருந்த?"

அதற்குத்தான் இன்றுவரை என்னிடம் எண் இல்லை.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "நான் வெளங்காம சொல்லிப்போட்டேன்" என்று என் மாமியாரிடம் சொன்னபோது, அந்தக் குரலை அவ்வளவு சின்னதாக நான் கேட்டதே இல்லை. ஆனாலும் மாமியார் மறுநாள் வந்தார். முந்திரிக்கொத்து சுட்டாயிற்றாம். மகளின் வயிற்றை அவர் தொடவில்லை, தலையைத்தான் தடவினார். திங்கட்கிழமை மூன்று பெண்களுமாக டாக்டர் அறைக்குள் போக, லீவு போட்டு வந்த நான் வெளியே பலகாரப் பைக்குக் காவல் இருந்தேன்.

அன்று சாயங்காலம் மனைவி தீப்பெட்டியை என் கையில் வைத்தாள்.

"இனி தெனமும் நீங்க கொளுத்துங்க. விளக்கப் பாத்து எனக்க ஒடம்ப ஒருத்தரும் வாசிக்காண்டாம்."

அம்மா ஏதோ முனகினாள். ஆனால் எண்ணெய் விட்டுத் திரியைத் திருத்திக் கொடுத்தது அவள்தான்.

அன்றிலிருந்து வேலைக்கு நடுவே இறங்கிவந்து கொளுத்திவிட்டு, மறுபடி மாடியேறித் தாழிட்டுக்கொள்கிறேன். போன வாரம் வாசலில் விளக்கோடு நின்றபோது, பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். அம்மா சொன்ன இரண்டு வீட்டில் அது ஒன்று.

"மக்கா, இப்பம் எப்பமும் நீதானா விளக்கு? அவள எழும்பவே கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாராக்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெட்டப் பிள்ளையா?"

உள்ளே மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. என் கையில் தீக்குச்சி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.